தாங்கியில் எவ்வளவு தண்ணீர்? லயங்களில் கேட்கும் சில கேள்விகள்

மலைநாட்டில் மழைக்குக் குறைவில்லை என்று வெளியார் நினைக்கிறார்கள். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை பீலி நூல் மாதிரி ஒழுகும்போதுதான் நம் கஷ்டம் தெரியும். லயத்துக்கு லயம் வாக்குவாதம் வருவதும் அப்போதுதான். நாங்கள் லயங்களுக்குப் போகும்போது தாய்மாரும் பெரியவர்களும் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

"எங்க தாங்கியில எத்தன லீற்றர் பிடிக்கும்?"

சதுரத் தாங்கி என்றால் உள்பக்கத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கன அடி. ஒரு கன அடியில் ஏறக்குறைய 28 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரமுள்ள தாங்கி 120 கன அடி. சுமார் 3,400 லீற்றர். அதாவது ஒரு அடி மட்டத்துக்கு 850 லீற்றர், ஒரு அங்குலத்துக்கு 70 லீற்றர்.

கழுவிக் காயவைத்த நேரான தடியில் அங்குலக் கோடு போட்டு, பெரியவர் ஒருவர் அளந்தால் இருப்பு உடனே தெரியும். பிள்ளைகளைத் தாங்கி மேல் ஏற விடக்கூடாது. அளந்தபின் மூடியை மூடுங்கள். குழாய் பொருத்திய இடத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் வெளியே வராது. குழாய் 6 அங்குலம் மேலே இருந்தால் 400 லீற்றருக்கு மேல் அடியில் தங்கிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாளி விஷயம் வேறு. வாளி மேலே அகலம், கீழே ஒடுக்கம். பாதி உயரத்துக்கு நிரப்பினால் பாதித் தண்ணீர் அல்ல, அதற்கும் குறைவு. "அவளுக்கும் அர வாளி, எனக்கும் அர வாளி" என்று பங்கு போடும்போது இருவரும் ஒரே வாளியால் அளப்பதுதான் நியாயம்.

"பீலியில எவ்வளவு வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

10 லீற்றர் வாளியைப் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். இரண்டு நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர், மணிக்கு 300 லீற்றர். இரவு 8 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை தாங்கிக்கு விட்டால் 2,400 லீற்றர் சேரும். 20 குடும்பம் என்றால் குடும்பத்துக்கு 120 லீற்றர். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தால் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் சண்டை குறையும்.

ஒழுகும் குழாயையும் இப்படியே அளக்கலாம். 200 மில்லிலீற்றர் தம்ளர் ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 57 லீற்றர் வீண். இப்படி நான்கு குழாய் ஒழுகினால், மேலே சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு குடும்பத்தின் பங்கு காணுக்குப் போகிறது. பல நேரம் தேவைப்படுவது ஒரு வோசர் மட்டுமே.

"கீழ் லயத்துக்கு வேகமா வருது, மேல் லயத்துக்கு ஏன் வரல்ல?"

குழாயில் தண்ணீரைத் தள்ளுவது தாங்கியின் பருமன் அல்ல. தாங்கியின் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையிலுள்ள உயரம். 33 அடி இறங்க இறங்க, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ வீதம் அமுக்கம் கூடும். ஆகவே கீழ் லயத்தில் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் மேல் லயத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இது கீழ் லயத்துக்காரரின் கெட்ட எண்ணம் அல்ல, தண்ணீரின் இயல்பு. கீழ்க் குழாய்ப் பாதையில் வால்வு பூட்டி, மேல் லயத்துக்கு என்று ஒரு நேரம் ஒதுக்குவதே தீர்வு.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அமுக்கம் விழும்போது குழாய் வெளியிலிருந்து உறிஞ்சும். புல்லெண்ணெய் கலக்கும் பரலுக்குள் ஹோஸ் பைப் முங்கிக் கிடந்தால் அந்த மருந்து குடிதண்ணீர்க் குழாய்க்குள் ஏறக்கூடும். பைப்பின் வாயை எப்போதும் பரலுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். காணுக்குள் ஓடும் வெடித்த குழாயிலும் அழுக்கு இப்படித்தான் உள்ளே போகிறது.

"இங்க தண்ணி சீக்கிரம் கொதிக்குதே, கிருமி சாகுமா?"

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். உயரம் கூடக் கூடக் காற்றமுக்கம் குறையும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுப்பது இதனால்தான். ஆனாலும் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதும். பெரிய குமிழி விட்டுத் தளதளவென்று கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் விடுங்கள். மழைக்குப் பின் கலங்கிய தண்ணீரை முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடித்துக் காய்ச்சுங்கள். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. குடிக்கிற தண்ணியை, விசேஷமாகக் கைப்பிள்ளைக்குக் கொடுப்பதை, காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். புல்லெண்ணெய் போன்ற மருந்து கலந்தால் காய்ச்சியும் பயனில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

"தண்ணிக்கு என்ன பெரிய பாரம்?"

ஒரு லீற்றர் ஒரு கிலோ. 20 லீற்றர் கேன் 20 கிலோ. கர்ப்பிணித் தாய்மாரும் பிள்ளைகளும் அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறக்கூடாது. வீட்டு ஆண்கள் இதைப் பங்கு போட வேண்டும். மேலே சொன்ன தாங்கி நிரம்பினால் மூன்றரைத் தொன் அளவு பாரம். அதை மண்மேட்டின் ஓரத்தில் வைக்கக்கூடாது. வழிந்தோடும் தண்ணீர் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஊறினால் மண் பாரமாகி வலுவிழக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் கடும் மழையின் பின் லயங்களை மூடிய மண்சரிவை நாம் மறக்கவில்லை. வழியும் தண்ணீரைக் குழாய் போட்டுக் காணுக்கு இறக்குங்கள். மேட்டில் புதிய வெடிப்போ ஊற்றோ கண்டால், அல்லது ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், உடனே விலகி நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

உங்கள் லயத்துத் தாங்கியின் அளவையும், பீலியில் வாளி நிரம்பும் நேரத்தையும் எழுதி எங்களிடம் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போடும்போதும் தாங்கியின் அளவு அவருக்குத் தேவை. அளவு கையில் இருந்தால்தான் நிர்வாகத்திடம் புதிய குழாயோ இன்னொரு தாங்கியோ கேட்கும்போது நம் பேச்சு நிற்கும்.