நூற்பாலை வரை எட்டாத தணிக்கை

வேலையை விட்டுப் போக நினைப்பவரைக் கடன், மிரட்டல், பிடித்து வைத்த சம்பளம், பறித்து வைத்த பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்றால் போகவிடாமல் தடுத்து உழைப்பை வாங்குவதுதான் நவீன அடிமைமுறை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930இல் ஏற்ற 29ஆம் உடன்படிக்கையே, தண்டனை பயத்தால் சொந்த விருப்பமின்றிச் செய்யும் வேலையைக் கட்டாய உழைப்பு என்று வரையறுத்தது. அந்த அமைப்பு வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டில் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். பாலியல் சுரண்டலைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், தனியார் துறையில் மட்டும் 1.73 கோடிப் பேர்.

இந்தியாவில் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் இதைத் தடை செய்கின்றன. 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமையும் ஒரு வகை வற்புறுத்தல் என்று ஏற்ற தீர்ப்பு அது.

ஒரு பெரிய நிறுவனத்தின் சொந்த அலுவலகத்தில் இத்தகைய நிலை அரிது. அது இருப்பது ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம். திருப்பூரில் தைக்கும் பனியனையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு, ஜின்னிங் மில், நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங் என்று பல கை மாறித்தான் அது கப்பலேறுகிறது. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பிராண்டுக்கு நேரடித் தொடர்பு பெரும்பாலும் பையிங் ஹவுஸோடும் தையல் கம்பெனியோடும் மட்டுமே. தணிக்கையாளரும் அங்கேதான் வருவார். பனியனுக்கு நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கேட்டால், ஆர்டர் கொடுத்தவரிடம் பல நேரம் பதில் இருக்காது.

இந்த இடைவெளியில்தான் சுமங்கலித் திட்டம் வளர்ந்தது. 2000களில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பலவற்றுக்குத் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ஏஜெண்டுகள் இளம்பெண்களை அழைத்துச் சென்றனர். அவர்களில் பலர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்டு. மூன்று ஆண்டு வேலை, ஆலைக்குள்ளேயே விடுதி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கல்யாணச் செலவுக்கு என்பது பேச்சு. உண்மையில் அந்த மொத்தத் தொகை அந்தப் பெண்ணின் சொந்தச் சம்பளத்தில் பிடித்து வைத்ததே. இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போகலாம். வெளியே போகத் தடை, போன் வைத்துக்கொள்ளத் தடை, கேட்காமலே போடும் ஓ.டி. ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கடன் வாங்காத ஒருவரையும் கொத்தடிமையாக்க முடியும் என்பது புரியும். 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இதை விரிவாக வெளியிட்ட பிறகுதான் பிராண்டுகள் பலவும் நூற்பாலை என்ற ஒன்றைத் திரும்பிப் பார்த்தன.

சட்டங்கள் இதே காலத்தில் வரத் தொடங்கின. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ வரவு உள்ள நிறுவனங்கள், தம் தொழிலிலும் வழங்கல் சங்கிலியிலும் அடிமைமுறையைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும், இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஆனால் ‘எதுவும் செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் சட்டத்தைக் கடைப்பிடித்ததாகவே கணக்கு. பல்லில்லாத சட்டம் என்ற பெயர் அதற்கு வந்ததில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் அறிக்கையில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்று வரையறுத்தது. பிரான்ஸ் 2017இலும், ஜெர்மனி 2023இலும் ஒரு படி மேலே போய், ஆபத்தைக் கண்டறிந்து தடுப்பதையே பெரிய நிறுவனங்களின் கடமையாக்கின. அமெரிக்கா துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்துகிறது. அறிக்கைக்கு அசையாத முதலாளியும் கன்டெய்னர் நின்றால் அசைவார்.

மலேசியாவில் அதுதான் நடந்தது. 2020 ஜூலையில் உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனமான டாப் குளோவின் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் கடனில் சிக்கியிருந்தது முக்கியப் புகார்களில் ஒன்று. நிறுவனம் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. ஆளெடுப்புச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இத்தகைய கடன்தான். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ தமிழக ஆலைக்கு வருபவருக்கும் இந்த விதி பொருந்தும். தடுப்பு வேலையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால், ‘இந்த வேலைக்கு வர யாருக்கு எவ்வளவு கொடுத்தாய்’ என்று கேட்பதே அந்த ஒன்று.

தணிக்கைக்கும் வரம்பு உண்டு. இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பெரிய கடைகளுக்குக் கட்டிலும் மெத்தையும் செய்து தந்த ஆலையில் ஹங்கேரித் தொழிலாளர்கள் வாரம் 10 பவுண்டுக்குக்கூட வேலை பார்த்தார்கள். அந்தக் கடைகளின் தணிக்கையில் எதுவும் சிக்கவில்லை. 2016இல் ஆலை முதலாளி தண்டனை பெற்றார். முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் தணிக்கையாளரிடம், வார்டன் பக்கத்தில் நிற்கும்போது, விடுதிப் பெண் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வாள். பொங்கல் லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது கேட்டால் வேறு பதில் வரும். சம்பளப் பட்டியலும் பேசும். 2019இல் பர்மிங்காமில் தண்டிக்கப்பட்ட போலந்துக் கும்பல், தான் அழைத்து வந்தவர்களின் வங்கிக் கணக்குகளைத் தன் கையில் வைத்திருந்தது. ஒரே கணக்குக்குப் பலரின் சம்பளம் போவதும், பலருக்கு ஒரே முகவரியும் போன் எண்ணும் இருப்பதும் கம்ப்யூட்டரிலேயே தெரியக் கூடியவை. ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்பது நேரில் கேட்க வேண்டியது.

புகார் சொல்ல வழி இல்லாவிட்டால் எந்த ஏற்பாடும் காகிதத்தோடு நின்றுவிடும். திண்டுக்கல் அருகே ஓர் ஆயத்த ஆடை ஆலையின் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்றும், ஆலை நிர்வாகமும், வெளிநாட்டு பிராண்டுகளும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றனர். நிர்வாகம் சொல் தவறினால் பிராண்ட் ஆர்டரை நிறுத்தலாம் என்பதால் ஒப்பந்தத்துக்குப் பிடிமானம் இருந்தது. அதே ஆலைக்கு 2022 ஜூலையில் அமெரிக்கா விதித்த தடை, இரண்டு மாதத்தில் விலகியதற்கு இந்த ஒப்பந்தமும் காரணம்.

பிராண்ட் தன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பீஸுக்கு விலையைக் குறைத்து, டெலிவரித் தேதியையும் முன்னால் இழுத்தால், தையல் கம்பெனி வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும். அங்கே யார், என்ன கூலிக்குத் தைக்கிறார் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. குறை தெரிந்ததும் ஆர்டரை ரத்து செய்து ஓடுவதும் தீர்வு அல்ல. அப்போது முதலில் வேலை இழப்பது பாதிக்கப்பட்டவரே.

இந்தியாவில் கொத்தடிமையாக இருந்தது உறுதியானால் வருவாய்த் துறை விடுதலைச் சான்றிதழ் வழங்கும், கடன் சட்டப்படி ரத்தாகும். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை. இது அரசு தருவது. பிடித்து வைத்த சம்பளமும், ஓ.டி. பாக்கியும், ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் தனிக் கணக்கு. அவற்றை ஆலையும் அதனிடம் சரக்கு வாங்கியவர்களும் சேர்ந்து தீர்க்க வேண்டும்.