காசிக்குத் திட்டமிடுகிறீர்களா? முழங்காலில் தொடங்குங்கள்

காசிக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் டிக்கெட்டைத் தேடுவார்கள், அப்புறம் அறையைத் தேடுவார்கள். யார் யார் வருகிறார்கள் என்பது கடைசியில்தான் பேச்சுக்கு வரும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கூட வருகிறவர்களில் மூத்தவர் யார், அவரால் எத்தனை படி இறங்கி ஏற முடியும் என்று முதலில் பாருங்கள். மாதம், ரயில், அறை, கோயிலுக்குப் போகும் நேரம் எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்யலாம். காசி நடந்து பார்க்க வேண்டிய ஊர். கங்கைக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் உண்டு. விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய காசியின் சந்துகளில் ஆட்டோகூட நுழையாது. எதிரே ஒரு காளை வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியதுதான்.

மாதத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடியவும், பிப்ரவரியிலிருந்து மார்ச் பாதி வரையும் நல்ல காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பகலில் அனல்காற்று வேறு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும், படகுகளை நிறுத்திவிடுவார்கள், மாலை ஆரத்தியைக்கூடக் கட்டடங்களின் மேல்தளத்துக்கு மாற்றிவிடுவதுண்டு. வடக்கத்தியர்களின் சாவன் மாதமும் ஏறக்குறைய நம் ஆடியை ஒட்டி வரும். அந்தத் திங்கட்கிழமைகளில் காவடி சுமந்து வரும் பக்தர் கூட்டத்தில் வயதானவர்களை நிறுத்துவது சரியல்ல. டிசம்பர் பாதிக்கு மேல் ஜனவரி முடிய மூடுபனி. குளிரைச் சமாளித்துவிடலாம், மணிக்கணக்கில் தாமதமாகும் ரயிலையும் ரத்தாகும் விமானத்தையும்தான் சமாளிக்க முடியாது. அந்த மாதங்களில் போவதானால், திரும்பி வந்த மறுநாளே கல்யாணம், பரீட்சை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நல்ல காலத்துக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. தீபாவளியை ஒட்டிய சில நாட்களில் மட்டும்தான் தங்க அன்னபூரணியைத் தரிசிக்க முடியும். அதற்குப் பதினைந்து நாள் கழித்து வரும் கார்த்திகைப் பௌர்ணமியில் தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள். இரண்டும் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அறை வாடகையும் படகுக் கட்டணமும் பல மடங்காகும். முதல் தடவை போகிறவர்கள், அதுவும் பெரியவர்களோடு போகிறவர்கள், இந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கட்சி.

ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து நேரடி ரயில்கள் குறைவு. கன்னியாகுமரியிலிருந்து காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரத்திலிருந்து ஒரு ரயில் என வாரம் ஒருமுறை ஓடுபவை உண்டு. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை நன்றாகப் பாருங்கள். வாராணசி ஜங்ஷன் ஒன்று. உள்ளூரில் கேன்ட் என்பார்கள். பனாரஸ் என்பது வேறு நிலையம், பழைய மண்டுவாடி. காசி என்ற பெயரிலும் தனியாக ஒன்று இருக்கிறது. மொகல்சராய் என்று பெரியவர்கள் சொல்லும் சந்திப்பு 2018 முதல் தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன்; அது கங்கைக்கு அக்கரையில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குள் வர வண்டி பிடிக்க வேண்டும். விமானத்தில் போனால் பாபத்பூரில் இறங்கி 25 கிலோமீட்டர் வர வேண்டும்.

அறை எடுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கங்கையைப் பார்த்தபடி அறை என்ற விளம்பரத்தில் மயங்கிப் பணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் சந்தில் நடந்து, ஐம்பது அறுபது படி ஏறி, அதற்கு மேல் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியாக இருக்கும். பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: வண்டி வாசல் வரை வருமா? லிஃப்ட் உண்டா? தமிழர்களுக்கு இங்கே பழைய புகலிடங்கள் இருக்கின்றன. கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813 முதல் நடக்கிறது. விசுவநாதர் பூஜைக்கான பொருட்கள் அங்கிருந்துதான் தினமும் ‘சம்போ’ முழக்கத்தோடு போகின்றன. விசாலாட்சி கோயிலையும் நகரத்தார்களே பராமரிக்கிறார்கள். கேதார் காட் என்னும் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய மடம். அனுமன் காட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள். பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த பகுதி அதுதான். சத்திரமோ மடமோ, முன்கூட்டியே பேசி இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சாம்பார் சாதம் கிடைத்தால்தான் அம்மா சாப்பிடுவார் என்றால் இந்தப் பகுதிகளை விட்டு விலகாதீர்கள்.

விசுவநாதர் கோயிலுக்கு இப்போது 2021 டிசம்பரில் திறந்த அகன்ற வளாகம் வழியாகப் போகலாம். பழைய நெரிசல் குறைந்திருக்கிறது. செல்போன், பை எதுவும் உள்ளே போகாது. எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு, அடையாள அட்டையும் கொஞ்சம் பணமும் மட்டும் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் லாக்கருக்காகப் பூ விற்கும் கடையில் நிற்க வேண்டும், கடைக்காரர் பூஜைத் தட்டு வாங்கச் சொல்வார். உள்ளே போனதும் நம்மூர்க் கருவறையைப் போல் எட்டத்தில் தேடாதீர்கள். லிங்கம் தரை மட்டத்தில், வெள்ளி போர்த்திய தொட்டிக்குள் இருக்கிறது. நான்கு பக்க வாசலிலிருந்தும் குனிந்துதான் பார்க்க வேண்டும். கணநேரம்தான், அதற்குள் நகர்த்திவிடுவார்கள். பெரியவர்களை விடியற்காலையில் அழைத்துப் போங்கள். கட்டண தரிசனத்துக்குக் கோயிலின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். வழியில் வந்து ‘சீக்கிரம் கூட்டிப் போகிறேன்’ என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். காலபைரவரையும் விட்டுவிடாதீர்கள், காசிக்குக் காவல் அவர்தான்.

ஊர் கங்கையின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை வெறும் மணல். அதனால் சூரியன் எழும்போது முதல் வெளிச்சம் படித்துறைகள் மேல்தான் நேராக விழும். அஸி காட்டில் படகேறி மணிகர்ணிகை வரை போய்த் திரும்புவதற்கு விடியற்காலையை விட்டால் வேறு நேரம் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குக் காசியைக் காட்ட இதைவிட நல்ல வழியும் கிடையாது. ஏறுமுன்பே தொகையையும் எங்கே திரும்புவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். மணிகர்ணிகை, அரிச்சந்திர காட் இரண்டிலும் சிதைகள் எரிந்துகொண்டே இருக்கும். அங்கே படம் எடுக்கக் கூடாது. மாலை ஆரத்திக்கு தசாசுவமேத காட்டில் கூட்டம் நெரியும். அஸி காட்டிலும் ஆரத்தி உண்டு, அங்கே ஓரளவு உட்கார்ந்து பார்க்கலாம்.

சடங்கு செய்யப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் காசி மட்டும் போதாது. சுமார் 125 கிலோமீட்டரில் பிரயாகையும், 250 கிலோமீட்டரில் கயையும் சேர்ந்ததுதான் யாத்திரை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பிரயாகையில் வேணி தானம் உண்டு: கணவர் மனைவிக்குத் தலைசீவிப் பின்னலிட்டு, அதன் நுனியை நறுக்கித் திரிவேணியில் விடுவார். கயையில் பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என மூன்று இடத்தில் பிண்டம். அங்கே பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிடும் வழக்கம் இருப்பதால், எதை விடுவது என்று ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவர்கள் அதிகம். புரட்டாசி மகாளய பட்சத்தில் கயையில் கால்வைக்க இடமிருக்காது. வாத்தியாரிடம் தட்சிணை, தானம், சாமான், சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று போகுமுன்பே போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நதிக்கரையில் உட்கார்ந்த பிறகு பேரம் பேச யாருக்கும் வாய் வராது.

முறைப்படி செய்கிறவர்கள் ராமேஸ்வரத்தில் தொடங்கி, அங்கே பூஜித்த கடல் மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரை எடுத்துவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்து முடிப்பார்கள். விமானத்தில் திரும்பினால் கங்கைச் செம்பைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். ரயிலில் நேராக ராமேஸ்வரம் போகிறவர்கள் ஊரில் புறப்படும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். பனாரஸிலிருந்து அந்த ரயில் வாரத்துக்கு ஒன்றுதான்.