உங்களுக்குத் தெரியுமா? ஒரு கிழங்குக்கு எத்தனை பேர்!

சேலத்துச் சந்தையில் குச்சிக்கிழங்கு. திருநெல்வேலிப் பக்கம் ஏழிலைக்கிழங்கு. நாகர்கோவிலில் இறங்கினால் மரச்சீனி. பாடப்புத்தகத்தில் மரவள்ளி. நான்கும் ஒன்றுதான்! தென் அமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்த கிழங்கு. வந்து சில நூற்றாண்டுதான் ஆகிறது, அதற்குள் வட்டாரத்துக்கொரு பேர் வைத்துவிட்டோம். எந்தப் பேர் எந்த ஊரோடு நின்றுபோகிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க ஒரு தனிப் படிப்பே இருக்கிறது.

★

அதைப் பெரிய அளவில் தொடங்கியவர் ஜெர்மனியின் கியோர்க் வெங்கர். 1876இல், தபாலில்! சில வாக்கியங்களைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி, அவற்றை உள்ளூர்ப் பேச்சில் எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு வாக்கியங்கள் 40 என்று நிலைத்தன. பதில் தந்த ஊர்களோ 40,000ஐத் தாண்டின. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய வரைபடங்கள் 1,600க்கும் மேல்.

கோடு இழுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. வடக்கே அழுத்தமான ‘க்’ ஒலி, தெற்கே போகப் போக மூச்சொலியாக மெலிகிறது. மாற்றம் ஒன்றுதானே, எல்லாச் சொல்லும் ஒரே ஊரில் மாற வேண்டாமா? மாறவில்லை. ரைன் ஆற்றங்கரையில் ‘நான்’ என்பதற்கான சொல் ஊர்டிங்கென் அருகே மாறிவிடுகிறது. ‘செய்’ என்பதற்கான சொல், ஆற்றோடு தெற்கே பென்ராத் வரை வந்துதான் மாறுகிறது.

★

ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் எழுதினால் ஆயிரக்கணக்கான காதுகள். இது சரிப்படாது என்று பிரான்சில் ழூல் கிலியெரோன் ஒரே ஒரு காதை நம்பினார். அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் எத்மோன் எத்மோன். ஆமாம், பேரும் குடும்பப் பேரும் காதுக்கு ஒன்றுதான். மொழியியல் படித்தவர் அல்ல, மளிகை வியாபாரி. 1897 முதல் 1901 வரை சைக்கிளிலும் ரயிலிலும் அலைந்து 639 ஊர்களின் பேச்சை எழுதிக் கொண்டுவந்தார்.

அவற்றை வைத்து வரைந்த வரைபடத்தில் கிடைத்த சுவையான சங்கதி: தென்மேற்கே கஸ்கோன் பகுதியில் சேவலுக்கான பழைய சொல் ஒலி திரிந்து திரிந்து ‘கத்’ என்று வந்து நிற்க வேண்டும். ஆனால் அங்கே பூனைக்கும் அதே ‘கத்’. கோழிக்கூண்டில் எது புகுந்தது என்று கத்துவது எப்படி? பூனையை விட்டுவிட்டார்கள், சேவலின் பேரை மாற்றிவிட்டார்கள். சில ஊர்களில் அதற்கு ஃபெசன்ட் பறவையின் பேர். சில ஊர்களில் ஓர் அதிகாரியின் பதவிப் பேர்! கொக்கரித்துக்கொண்டு திரிவதைப் பார்த்தால் பொருத்தம்தான்.

★

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. ‘இது துடைப்பம்தானே?’ என்று கேட்டால், வாரியல் என்று சொல்லும் பாட்டியும் மரியாதைக்கு ‘ஆமாய்யா’ என்றுவிடுவார். வேலை கெட்டது. அதனால் பொருளைக் காட்ட வேண்டும், பேரை மட்டும் நம் வாயால் சொல்லக் கூடாது. 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தில் 313 இடங்களில், 1,300க்கு மேற்பட்ட கேள்விகளை இந்த முறையில்தான் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத வயதான விவசாயிகள்.

அந்தக் களப்பணியில் ஊர் ஊராகச் சுற்றியவர் ஸ்டான்லி எல்லிஸ். 1979இல் யார்க்‌ஷயர் தொடர்கொலை வழக்கில், ‘கொலைகாரன் நான்தான்’ என்று பேசி ஒருவன் போலீசுக்கு ஒலிநாடா அனுப்பினான். குரலைக் கேட்ட எல்லிஸ், சண்டர்லாந்தின் காசில்டவுன் பகுதி என்று பேட்டையைச் சொன்னார். 1981இல் பிடிபட்ட கொலைகாரன் வேறு ஆள். ஒலிநாடா வெறும் ஏமாற்று. ஆனால் நாடா அனுப்பியவன் 2005இல் மரபணுச் சோதனையால் சிக்கியபோது, அவன் சண்டர்லாந்துக்காரனேதான்.

★

நெப்போலியன் ஆட்சியில் பிரான்சின் வட்டாரப் பேச்சுகளைத் திரட்டவும், பின்னர் பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி கிரியர்சன் இந்தியப் பேச்சுகளைத் திரட்டவும் கொடுக்கப்பட்ட கதை ஒன்றே: பைபிளின் ஊதாரி மகன் கதை. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும், காலம் மூன்றும், வேற்றுமைகளில் பெரும்பாலானவையும் அந்தச் சின்னக் கதைக்குள் வந்துவிடுகின்றன. 1894இல் தொடங்கிய கிரியர்சன் ஆய்வின் கணக்கு: 179 மொழிகள், 544 கிளைமொழிகள். ஒரே குறை, ஆய்வு சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்படவில்லை. நான்காம் தொகுதியில் தமிழுக்கு இடம் உண்டு என்றாலும், நம் ஊர்ப் பேச்சுகளை வட்டாரம் வட்டாரமாக அலசும் வாய்ப்பு கைநழுவிப் போனது.

★

தமிழுக்கு இது புது விஷயமும் அல்ல. பன்னிரு நிலத்துத் திசைச்சொல் பற்றித் தொல்காப்பியமே பேசுகிறது. கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி கொண்டுவந்த கி. ராஜநாராயணன், கல்லூரிப் பக்கமே போகாத விவசாயி. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதி தந்தார்.

★

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவரிடம் அந்தக் கிழங்கைக் காட்டி ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். நாம் சொன்ன நாலும் இல்லாமல் ஐந்தாவதாக ஒரு பேர் வந்தால், ஊர்ப் பேரோடு எங்களுக்கு எழுதுங்கள்.