பைதன் பயிலும் பிள்ளைகள்

பைதன் என்றதும் மலைப்பாம்பை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. ஒல்லாந்தரான குவிடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட இக்கணினி மொழி, பீ.பீ.சீ. தொலைக்காட்சியில் வந்த 'மொன்ரி பைதன்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. இன்று நம் நாட்டு உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவருக்கு இது பாடம். ஆயினும் கண்டி நகரிலும் அயலிலுள்ள மலைநாட்டு ஊர்களிலும் தமிழில் கற்கும் பிள்ளைகள் சிலர், தொடங்கிய வேகத்திலேயே "இது எமக்கு ஏலாது" என்று சோர்வதை நாம் காண்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் பிழைச் செய்தியே அவர்களை மிரட்டிவிடுகிறது.

அச்செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கடைசி வரி, பிழை இன்னதென்று கூறும். அதற்கு மேலே வரியின் எண் இருக்கும். அவ்வரியில் குற்றம் காணாவிடின் முந்திய வரியை நோக்குக. மூடாது விட்ட அடைப்புக்குறி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. அதனாற்போலும், 'பிரிண்ட்' என்ற கட்டளையின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பைதனுக்கு அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். அக்கட்டளைக்கு அடைப்புக்குறி இடாதிருப்பது பழைய நூல்களால் வரும் வினை. 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பு அதனை ஏற்பதில்லை. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவோ 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் நின்றுவிட்டது. வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியும் இம்மொழியில் இலக்கணமே. நான்கு வெற்றிடம் என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு அதனையே பின்பற்றுதல் நலம்.

பிழைச் செய்தியே தராத பிழைதான் பொல்லாதது. கண்டியிலிருந்து பேராதனைக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர், அங்கிருந்து கம்பளைக்கு 14 என்று கொள்வோம். இவற்றை 'இன்புட்' மூலம் பெற்றுக் கூட்டினால், பைதன் 614 என்று விடை தரும். இலங்கைத் தீவின் நீளமே 450 கிலோமீற்றரை எட்டாது! தட்டச்சில் வருவதையெல்லாம் பைதன் எழுத்துச் சரமாகவே கொள்கிறது. சரங்களைக் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். 'இன்ட்' என்பதால் எண்ணாக மாற்றியபின் கூட்டினால் 20 வரும்.

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'கண்டி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதன் ஐந்து என்கிறது. அது பொய்யன்று. யூனிகோட் முறையில் க, ண, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து உருக்கள் சேர்ந்தே அச்சொல் அமைகிறது. இதையறியாது சொல்லைத் திருப்பி எழுதச் செய்தால், குறிகள் இடம்மாறிச் சொல் சிதைந்துவிடும். முத்தையா அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதி இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. அதனை நிறுவி எழுத்துகளைப் பிரிக்கச் சொன்னால், க, ண், டி என மூன்றையே தரும்.