கண்ணாடிக் குழாயில் ஓர் அரசி

எறும்புக் கூட்டத்தை வீட்டில் வளர்ப்பது புதிய பழக்கமன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஜான் லப்பக், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய மண்படுகை அமைத்து, எறும்புகளுக்கு வண்ணப் புள்ளியிட்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, தாம் கண்டவற்றை 1882-இல் நூலாக வெளியிட்டார்.

இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் லேசியஸ் நைஜர் என்னும் கரிய எறும்பே, புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. கோடையில் சிறகுடைய ஆண் எறும்புகளும் இளம் அரசிகளும் வானில் இணையும் மணப்பறப்பு முடிந்ததும், தரையிறங்கிச் சிறகுதிர்த்த அரசியைப் பிடித்து, ஒரு பகுதியில் நீர் நிரப்பிப் பஞ்சால் தடுத்த சோதனைக் குழாயில் விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருளில் வைப்பர். முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை அதற்கு உணவே தேவையில்லை. இனிப் பயன்படாத பறக்கும் தசைகளும் சேமித்த கொழுப்பும் கரைந்து முதல் புழுக்களுக்கு ஊட்டமாகும் விந்தை அந்தச் சிறு உடலுக்குள் நிகழ்கிறது. இந்நாட்களில் ஆவல் மிகுதியால் குழாயை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே பெரும்பிழை. அதிர்வால் கலங்கும் அரசி தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும்.

பின்னர் வேலைக்கார எறும்புகளுக்குச் சர்க்கரைநீரும், வளரும் புழுக்களுக்குப் புரதமாகச் சிறு பூச்சிகளும் அளித்து, குளிர்காலத்தில் கூட்டத்தைக் குளிர்ந்த இடத்தில் ஓய்வுகொள்ள விடுவர். இவ்வினத்து அரசி ஒன்று மனிதப் பராமரிப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது.