பருத்திக் காட்டிலிருந்து சபாநாயகர் நாற்காலிக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 40 ஏக்கர் பருத்திப் பண்ணையில் பாடுபட்டு வளர்ந்தவர் சாம் ரேபர்ன். 1906இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 29 வயதில் அந்த அவைக்கே சபாநாயகர்! 1913இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தவர், 1961இல் மறையும்வரை 48 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அதில் 17 ஆண்டுகள் சபாநாயகர்.

பதவிகள் கிடக்கட்டும்; அவர் செய்த வேலையைப் பார்ப்போம். 1930களின் நடுவில் அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. ஆதாயமில்லை என்று தனியார் நிறுவனங்கள் கம்பி இழுக்க மறுத்தன. செனட்டர் ஜார்ஜ் நோரிசோடு சேர்ந்து 1936இல் கிராம மின்மயச் சட்டத்தை நிறைவேற்றினார் ரேபர்ன். குறைந்த வட்டிக் கடனில், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களே கம்பம் நட்டன. டெக்சாசின் பான்ஹம் ஊரில் ரேபர்ன் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.