முன்பாரம், பின்பாரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய பஃப்ளோ ரோடும் பெலிலியோஸ் ரோடும் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களின் தெருக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தன. ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூத வணிகர் அங்கே பெரிய அளவில் மாட்டு வணிகம் நடத்தினார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மாடு வளர்த்தார்கள், பால் கறந்தார்கள், வண்டி ஓட்டினார்கள். சைனாடவுனில் கிரேத்தா ஆயர் என்ற பகுதிக்கு அந்தப் பெயர் தண்ணீர் சுமந்து சென்ற மாட்டு வண்டிகளால் வந்தது.

அந்த வண்டிக்காரர்களின் கையில் ஓர் அருமையான இயற்பியல் இருந்தது. முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களில் அதை அடக்கி வைத்திருந்தார்கள்.

மாட்டு வண்டிக்கு ஒரே அச்சுதான். ஏற்றிய சரக்கின் எடைமையம் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் முழு எடையையும் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். மாடுகள் இழுத்தால் மட்டும் போதும். எடைமையம் சற்று முன்னே நகர்ந்தால் நுகத்தடி கழுத்தில் அழுத்தும். அது முன்பாரம். பின்னே நகர்ந்தால் நுகத்தடி மேலே எழும்பி, அதோடு கழுத்தைப் பிணைக்கும் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரக்கு 1,000 கிலோ. அச்சிலிருந்து நுகத்தடி 3 மீட்டர் தூரம். எடைமையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் நுகத்தடியில் சுமார் 33 கிலோ இறங்கும். 20 சென்டிமீட்டர் என்றால் 67 கிலோ. 10 சென்டிமீட்டர் பின்னால் போனால் அதே 33 கிலோ விசை நுகத்தடியை மேலே தூக்கும். சரக்கில் ஒரு கிலோகூடக் கூடவில்லை, குறையவில்லை; ஒரு சாண் நகர்ந்ததில் மாட்டின் பாடு தலைகீழாகிவிடுகிறது.

சாலை சரிந்தால் கணக்கும் மாறும். அச்சுக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் எடைமையம் இருக்கும் வண்டி, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டில் போனால், அந்த மையம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பின்னுக்குப் போனதுபோல் ஆகும். இறக்கத்தில் முன்னுக்கு வரும். இங்கேதான் வண்டிக்காரரின் உடம்பே ஒரு கருவியாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் உட்கார்ந்தால் நுகத்தடியில் 20 கிலோ கூடும். மேட்டில் முன்னே நகர்ந்து, இறக்கத்தில் பின்னே சாய்ந்து அவர் மாட்டின் கழுத்தைக் காப்பாற்றுகிறார்.

பாரம் எங்கே இறங்குகிறது என்ற இதே கேள்வியைத்தான் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் காருக்குப் பின்னால் கேரவன் கட்டி இழுப்பவர்கள் சந்திக்கிறார்கள். ஆனால் விடை வேறு. மாட்டுக்கு நுகபாரம் குறைவாக இருப்பது நல்லது. கேரவனுக்கோ அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரோடு சேரும் இணைப்பில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. காரணம் வேகம். பின்பாரமான கேரவன் நெடுஞ்சாலை வேகத்தில் இடவலமாக ஆடத் தொடங்கும். ஒரு வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, ஓட்டுநரின் கைக்கு அடங்காமல் போகும்.

சரி, முன்பாரம் வைத்தாகிவிட்டது. அடுத்த சிக்கல் காருக்கு. 3,000 கிலோ கேரவன் இணைப்பில் 360 கிலோவை இறக்குகிறது என்று கொள்வோம். காரின் இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர், பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இணைப்பு. அப்போது பின்னச்சில் 504 கிலோ கூடும், முன்னச்சில் 144 கிலோ குறையும். வண்டியைத் திருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் முன்சக்கரங்களே. அவை சாலையைப் பிடிக்கும் பலத்தை இழக்கின்றன.

இதற்கான தீர்வுதான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். இணைப்பிலிருந்து இரண்டு எஃகுத் தண்டுகள் பின்னோக்கி நீண்டு, கேரவனின் சட்டத்தோடு சங்கிலியால் மேல்நோக்கி இழுத்துக் கட்டப்படுகின்றன. வளைந்த தண்டுகள் நிமிரப் பார்க்கும்போது உண்டாகும் திருப்புவிசை, காரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. நமது எடுத்துக்காட்டில், முன்னச்சு இழந்ததில் பாதியான 72 கிலோவைத் திருப்பித் தந்தால், காரின் பின்னச்சிலிருந்து 5.4 மீட்டர் தள்ளியுள்ள கேரவன் அச்சு கூடுதலாக 40 கிலோவை ஏற்கும். காரின் பின்னச்சின் சுமை 112 கிலோ குறையும். மொத்த எடை அப்படியே இருக்க, அதைச் சுமக்கும் இடங்கள் மட்டும் மாறுகின்றன.

தேர்ந்தெடுக்கும்போது தண்டுகளின் திறன், பயணச் சாமான்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் இணைப்பில் இறங்கும் பாரத்துக்குப் பொருந்த வேண்டும். பொருத்துவதற்கு ஓர் அளவுநாடா போதும். கேரவன் இல்லாதபோது தரையிலிருந்து முன்சக்கர வளைவின் உயரத்தை அளக்க வேண்டும். கேரவனைக் கட்டியபின், தண்டுகளை மாட்டாமல், மறுபடி அளக்க வேண்டும், முன்பக்கம் உயர்ந்திருக்கும். பிறகு தண்டுகளை மாட்டி, கார் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு அந்த உயர்வு குறையும்வரை சங்கிலிக் கண்ணிகளையோ ஹிட்ச் தலையின் சாய்வையோ மாற்ற வேண்டும். பாதி உயர்வு குறைந்தால் போதும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். இந்தக் கருவி காரின் இழுதிறனைக் கூட்டிவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் இதே கேள்விக்கு இன்னொரு விடை தினமும் ஓடுகிறது. கன்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவரில் இணைப்புத் தட்டு பின்னச்சுகளுக்குச் சற்று முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் டிரெய்லரின் பாரம் முன்னச்சைத் தூக்காமல், அதன் மேலும் ஒரு பங்கை இறக்குகிறது.

1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் முதல் கன்டெய்னர் கப்பல் வந்து நின்றது முதல் இந்த ஊரின் வாழ்வு அந்தப் பெட்டிகளோடு பிணைந்திருக்கிறது. 2016 ஜூலை 1 முதல், கப்பலேறும் ஒவ்வொரு கன்டெய்னரின் மொத்த எடையையும் சரிபார்த்துச் சொல்வது உலகெங்கும் கட்டாயம். ஆனால் மொத்த எடை பாதிச் செய்தியே. சரக்கின் எடைமையம் பெட்டியின் நடுவிலிருந்து நீளத்தில் பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டி அறிவுறுத்துகிறது. 20 அடிப் பெட்டியில் அது ஒரே ஓர் அடி.

சரக்கு ஏற்றுபவருக்கும், கேரவனில் குடும்பத்தோடு கிளம்புபவருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. எவ்வளவு பாரம் என்று கேட்டபின், அது எங்கே இறங்குகிறது என்றும் கேளுங்கள். அளந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.